மலாயா அவசரகாலம் (1948–1960): கம்யூனிச எதிர்ப்பு அணியின் தலைவர்கள்

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுடன் பிரிட்டிஷ் ஆட்சி 12 ஆண்டுகள் நடத்திய போர் ‘அவசரகாலம்’ என்றே வழங்குகிறது. போர் என்று அறிவித்தால் தோட்ட முதலாளிகளின் காப்பீடு செல்லாமல் போகும் என்பதே இப்பெயருக்குக் காரணம் என்பர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ரஜூலா’ முதலிய கப்பல்களில் பினாங்கு போய் இறங்கிய தமிழர்கள் உழைத்த ரப்பர் தோட்டங்களும் இதன் களங்களாயின. 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் கொல்லப்பட்டதோடு இது தொடங்கியது. உயர் ஆணையர் எட்வர்ட் ஜென்ட் அடுத்த மாதமே விமான விபத்தில் மறைந்தார்.

1950இல் நடவடிக்கைகளின் இயக்குநராக வந்த ஹரால்ட் பிரிக்ஸ், காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேரைக் கம்பிவேலி சூழ்ந்த ‘புதுக்கிராமங்களில்’ குடியேற்றும் திட்டத்தை வகுத்தார். குடியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் சீனர். கெரில்லாக்களுக்குச் சோறு போகும் வழியை அடைப்பதே நோக்கம். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. தகர டப்பா உணவுகூடச் சேமித்து வைக்க முடியாதபடி ஓட்டை போட்டே விற்கப்பட்டது. உயர் ஆணையர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6 அன்று பதுங்கித் தாக்கிய கெரில்லாக்களால் கொல்லப்பட்டார். 1952இல் அப்பதவிக்கு வந்த ஜெரால்ட் டெம்பளர் குடிமை அதிகாரத்தையும் ராணுவ அதிகாரத்தையும் ஒரே கையில் ஏற்றார். மக்கள் மனத்தை வெல்வதே வழி என்று பேசிய அவரே தஞ்சோங் மாலிம் ஊர் முழுவதற்கும் 22 மணி நேர ஊரடங்கு விதித்து அரிசியையும் குறைத்தார்.

வெற்றி டெம்பளருடையதா, பிரிக்ஸுடையதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. ஆனால் தளபதிகளை மட்டும் வைத்து இப்போரின் முடிவை விளக்க இயலாது. மலாய், சீன, இந்தியக் கட்சிகளின் தலைவர்களான துங்கு அப்துல் ரகுமான், டான் செங் லாக், வீ. தி. சம்பந்தன் ஆகியோரின் கூட்டணி 1955 தேர்தலில் 52 இடங்களில் 51ஐ வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் பாலிங்கில் துங்கு, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைச் சந்தித்து, அக்கட்சியை அங்கீகரிக்கும் கோரிக்கையை மறுத்தார். கெரில்லாக்கள் 1954க்குள்ளேயே தளர்ந்துவிட்டனர் என்ற மறுப்பு உண்மையானதே. எனினும், அவர்கள் பெருந்தொகையாகச் சரணடைந்தது விடுதலைக்குப் பிந்திய 1958இல்தான். அந்நியரை விரட்டவே போர் என்ற வாதம், மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்ட் 31க்குப் பின் வலுவிழந்தது. சம்பந்தன் போர் மூண்ட அதே சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1955இல் தொழிலாளர் அமைச்சரானார். தோட்டத் தமிழரின் குறைகளைத் தேர்தல் வழியே தீர்க்கலாம் என்ற நம்பிக்கையை அவர் ஊட்டினார். அதற்கு முன் அக்குறைகளைப் பேசிய தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, நேரு அரசு காப்பாற்ற முயன்றும், 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரைச் சொல்லாமல் இந்த வெற்றியை எழுதுவது நேர்மையாகாது.

அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிவுற்றது. காட்டில் எஞ்சியோருடன் அமைதி ஒப்பந்தம் 1989இல் கையெழுத்தானது. சின் பெங் 2013இல் பாங்காக்கில் காலமானார்.