லக்சபானா வரும் வழி: மலையக நீர்த்தேக்கங்களைச் சுற்றி ஒரு குடும்பப் பயணம்

யாழ்ப்பாணத்தில் மின்சாரத்துக்கு இன்னொரு பெயர் 'லக்சபானா'. 1990 இல் அது நின்றுபோனபோது எனக்கு இரண்டு வயது. ஜாம் போத்தல் விளக்கில்தான் எழுதப் பழகினேன். "லக்சபானா வந்தால்..." என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அது ஒரு ஊரின் பெயர் என்பதே எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

பாடசாலை விடுமுறைக்கு வடக்கிலிருந்து வான் பிடித்து நுவரெலியா போகும் குடும்பங்கள் இப்போது ஏராளம். கிறகரி வாவியில் படகு, ஹக்கலை பூங்கா, சீத்தாஎலிய கோயில், இரண்டாம் நாள் திரும்பிவிடுவார்கள். நாங்கள் அம்மா, கணவர், இரண்டு பிள்ளைகளுடன் நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டோம். அந்த மேலதிக இரண்டு நாட்களும் ஏன் தேவை என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இந்தப் பாதையில் 'வாவி' என்று நாம் பார்ப்பவை எவையும் இயற்கையாக அமைந்தவை அல்ல. நுவரெலியாவின் கிறகரி வாவி, 1873 இல் ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலத்தில் சதுப்பு நிலத்தில் தலகல ஓயாவை மறித்து உருவாக்கப்பட்டது. மற்றவை எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளின் பின்னால் தேங்கிய நீர். ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவரின் காணி இருக்கிறது.

கண்டியிலிருந்து கம்பளை, இறம்பொடை வழியாக ஏறும்போது முதலில் தெரிவது கொத்மலை. மகாவலித் திட்டத்தில் 1985 இல் நிறைவேறிய அணை. நீர்மட்டம் இறங்கும்போது பழைய கடதொர விகாரையின் எச்சங்கள் வெளியே தெரியும். அங்கிருந்து எழுப்பப்பட்ட சிங்களக் கிராமத்தவர்களில் பலர் மகாவலி வலயங்களில் குடியேற்றப்பட்டார்கள். மகாவலி என்றால் நமக்கு வேறொரு கதை நினைவுக்கு வரும். அவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து ஹற்றன் இறங்கும் வழியில் தலவாக்கலை. நகரை ஒட்டியே மேல் கொத்மலை நீர்த்தேக்கம். ஜப்பானியக் கடனில் கட்டப்பட்டு 2012 இல் இயங்கத் தொடங்கிய இந்த 150 மெகாவாற் திட்டத்தை மலையகத்தில் பலர் எதிர்த்தார்கள். நீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் போய்விடுவதால், சற்றுக் கீழே இருக்கும் சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்குப் பகல் நேரத்தில் அளவாகத் திறந்துவிடும் நீர்தான். திறந்துவிடும் நீர்வீழ்ச்சி என்றதும் மகனுக்குச் சிரிப்பு. "இரவில நிப்பாட்டுவினமோ?" என்று கேட்டான்.

லக்சபானாவின் வேர் ஹற்றனுக்கு அப்பால் இருக்கிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு எழுதினார். பழைய லக்சபான மின்நிலையம் இயங்கியது 1950 இல். கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்றீ 1965 இலும் மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாக்கலை 1969 இலும் வந்தன. காசல்றீயின் நீர் விமலசுரேந்திர நிலையத்தில் ஒருமுறை, நோட்டன் அணையில் தேங்கிப் பழைய லக்சபானவில் இன்னொரு முறை என்று படிப்படியாக வேலை செய்துகொண்டே இறங்குகிறது. மவுசாக்கலையின் நீர் கனியன் நிலையம் வழியாகப் புதிய லக்சபானவுக்குப் போகிறது. இரண்டு ஓயாக்களும் கடைசியில் சேர்வது களனி கங்கையில்.

டிக்கோயாவைத் தாண்டியதும் காசல்றீ தெரியும். 1878 இல் கட்டிய வோர்லி தேவாலயத்தின் முற்றத்தில் நின்றால், மரங்களுக்கு ஊடாக நீர் முழுவதும் விரிந்து கிடக்கும். மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். கரையோரத்தில் வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இப்போது ஆடம்பர விடுதிகள். இரவு தங்கும் விலை எங்கள் வசதிக்கு எட்டாது. அப்படியான ஒரு ரிசோர்ட்டில் பின்னேரத் தேநீர் மட்டும் குடித்தோம். புல்தரை, ரோசாச் செடிகள், வெள்ளிக் கேத்தல். பரிமாறிய இளைஞர் தமிழில் பேசியதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"தம்பி, உங்கட வீடு எவடத்தில?"

"அந்தா கீழ தெரியுதுங்கம்மா, அந்த லயந்தான். எங்க அம்மா இப்ப மலையில கொழுந்து எடுக்கிறாங்க."

புல்தரையிலிருந்து பார்த்தால் அந்தத் தகரக் கூரைகள் அழகாகத்தான் தெரிகின்றன. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்ந்ததற்கே பல வருடப் போராட்டம் தேவைப்பட்டது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா. மின்சாரம் தோட்டத்துக்கு மேலாலேயே கம்பியில் போனது, லயத்துக்குள் வர வெகுகாலம் எடுத்தது என்றார் அவர். பாட்டி காலம் முழுவதும் குப்பி விளக்குத்தானாம். "எங்களுக்கும் அதுதான் தம்பி" என்றார் அம்மா.

அந்தப் பாட்டி பிறந்தது பழைய மஸ்கெலியாவில். இன்றைய மஸ்கெலியா, மவுசாக்கலை நிறைந்தபோது மேட்டில் புதிதாக எழுந்த ஊர். பழைய நகரம் நீருக்குள். கடும் வரட்சியில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடத்து எச்சங்கள் வெளியே வரும். நாங்கள் போனபோது நீர் மட்டம் உயர்ந்திருந்தது. கடைக்காரர் ஒருவர் கையால் காட்டிய திசையில் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு மஸ்கெலியா என்ற பெயர் புதிதல்ல. கிளிநொச்சியில் எங்கள் பக்கத்துக் காணிக்காரர் 1977 கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்கள். அப்போது வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். பிறகு நடந்த எல்லா இடப்பெயர்விலும் அவர்கள் எங்களோடு நடந்தார்கள். 1948 சட்டம் இம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இந்த அணைகள் எழுந்த அதே வருடங்களில்தான், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். லயங்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். போர் முடிந்த கையோடு, கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் எங்கள் தறப்பாள் கொட்டில்களையும் படம் எடுத்தார்கள். அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில விபரங்கள். ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு பஸ் உண்டு. டிசெம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம் என்பதால் நல்லதண்ணி வரை கூட்டம் இருக்கும், அறைகளும் விலை கூடும். ஹற்றனில் சாதாரண விடுதிகள் போதும். ஏப்ரலில் நுவரெலியாவைத் தவிர்ப்பது நல்லது. 1868 மீற்றர் உயரத்தில் இரவுக் குளிர் பிள்ளைகளுக்குக் கடுமை, கம்பளி கட்டாயம். மழைக்குப் பிறகு புல்லில் அட்டை ஏறும், உப்புத் துண்டு வைத்திருங்கள். பெருமழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பிறகே புறப்படுங்கள். 2014 மீரியபெத்தையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரைகளில் குளிக்க இறங்க வேண்டாம். நீர் அசையாமல் கிடப்பதுபோலத் தெரிந்தாலும் ஆழம் சட்டென்று இறங்கும், வான்கதவு திறந்தால் கீழே ஓயாவில் நீர் திடீரென்று ஏறும். பழைய மஸ்கெலியாவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் மாசி, பங்குனியில், மழை பொய்த்த வருடமாகப் பார்த்துப் போகவேண்டும்.