கொர்தோபாவின் தூண்கள் கூறும் வரலாறு

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரு நகரம் கொர்தோபா. அந்நகரின் கத்தோலிக்கப் பேராலயத்தை ஊர்மக்கள் பள்ளிவாசல் என்னும் பொருள்படும் 'மெஸ்கித்தா' என்ற பெயராலேயே இன்றும் அழைக்கின்றனர். இவ்விந்தை எங்ஙனம் நேர்ந்தது என்பதை ஈண்டுச் சிறிது காண்போம்.

விசிகோத்தியர் காலத்தில் அவ்விடத்தே தூய வின்சென்ட் பெயரால் ஒரு கிறிஸ்தவக் கோயில் இருந்ததென்பது மரபு. டமாஸ்கஸ் நகரத்து உமய்யா அரசகுலம் வீழ்ந்தபோது உயிர் தப்பி ஓடிவந்த இளவரசர் முதலாம் அப்துர் ரகுமான், 756-இல் கொர்தோபாவில் புதிய அரசை நிறுவினார். ஏறத்தாழ 785-இல் அவர் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார். உரோமானியர், விசிகோத்தியர் ஆகியோரின் பழங்கட்டிடத் தூண்களே அதற்குப் பயன்பட்டன. அவை குட்டையாக இருந்தமையால், கூரையை உயர்த்துதற்கு வளைவின்மேல் வளைவு அமைத்தனர். செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வரும் அவ்வளைவுகளே இன்று உலகப் புகழ் பெற்று விளங்குகின்றன. பின்வந்த ஆட்சியாளர்கள் மும்முறை விரிவாக்கினர். இன்று எஞ்சியுள்ள தூண்கள் 850-க்கும் மேற்பட்டவை. உள்ளே நின்று நோக்குவோர்க்கு அது கல்லாலான ஒரு சோலையெனவே தோன்றும்.

வெற்றியின் செருக்கையும் இக்கட்டிடம் கண்டது. 997-இல் அல் மன்சூர் என்னும் தளபதி, சந்தியாகோ நகரக் கோயில் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்மீது ஏற்றிக் கொணர்ந்தார். 1236-இல் கொர்தோபாவை வென்ற மன்னர் மூன்றாம் பெர்டினாண்டு, அம்மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோள்மீதே திருப்பி அனுப்பினார் என்பர். எனினும் அம்மன்னர் பள்ளிவாசலை இடிக்கவில்லை, அதனையே தேவாலயமாக்கினார். வாழ்வதற்கு வந்தவர்கள் கட்டிடத்தைப் பயன்படுத்தினர். அதனாலேயே அது பிழைத்தது.

பேரிடர் வந்தது 1523-இல். நடுவிலுள்ள தூண்களை அகற்றி உயர்ந்ததொரு ஆலயம் எழுப்ப ஆயர் முனைந்தார். அப்போது எதிர்த்து எழுந்தவர் யார்? முஸ்லிம்களா? அல்லர். கிறிஸ்தவர்களான நகர மன்றத்தாரே! இடிப்புப் பணியில் கைவைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்று அவர்கள் பறைசாற்றினர். வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லசிடம் சென்றது. அவர் ஆயருக்கே இசைவளித்தார். பணி 1607 வரை நீண்டது. நேரில் கண்ட பேரரசர், எங்கும் கட்டக்கூடிய ஒன்றுக்காக எங்குமில்லாத ஒன்றை அழித்துவிட்டீர்களே என வருந்தினார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. நகர மன்றத்தார் தோற்றனர். ஆயினும் நடுப்பகுதியைச் சூழ்ந்த தூண்வரிசைகள் இன்றும் நிற்கின்றன.

1933-இல் நம் நாட்டுக் கவிஞர் இக்பால் அங்குச் சென்று தொழுதார். உருது மொழியில் நெடும்பாடல் ஒன்றும் இயற்றினார். 1984-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

பிறந்த மண்ணை விட்டுப் பல சமயத்தாரிடையே வாழும் நாம், நாள்தோறும் பிறர் எழுப்பிய கோபுரங்களையும் மினார்களையும் கடந்தே செல்கிறோம். அவற்றைப் பேணுதற்கு அச்சமயத்தவராகப் பிறந்திருத்தல் வேண்டுவதில்லை. அவ்வூரில் வாழ்பவராக இருத்தலே போதும். கொர்தோபா நகர மன்றத்தார் 1523-இல் செய்து காட்டியது அதுவே. நம் இளைஞர்கள் அப்பெயரற்ற பெருமக்களையும் நினைவிற் கொள்வார்களாக!