தகுதிகாண் நிலையும் மேல்முறையீடும்: அமெரிக்கக் கல்லூரி விதிகள் குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

செமஸ்டர் முடிந்து மதிப்பெண்கள் வெளியானதும், அமெரிக்கக் கல்லூரி மாணவர் சிலருக்குப் புலமுதல்வர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. அவருடைய ஜி.பி.ஏ. (மதிப்புப்புள்ளிச் சராசரி) உரிய அளவுக்குக் கீழே போய்விட்டதென்றும், அடுத்த செமஸ்டரில் அவர் 'அகாடமிக் புரோபேஷன்' என்னும் தகுதிகாண் நிலையில் இருப்பாரென்றும் அது அறிவிக்கும். வெட்கத்தால் அக்கடிதத்தை வீட்டாரிடமிருந்து மறைப்பவர்கள் உண்டு. அன்றிரவே கண்ணீரும் கோபமுமாய் ஒரு பதிலை எழுதி அனுப்பிவிடுபவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் நட்டம் மாணவருக்கே.

இந்நிலை எத்தகையது, இதில் எதை எதிர்த்து முறையிடலாம், முறையீடு எதன்மேல் நிற்கவேண்டும் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கல்வித்தர முடிவுகளில் நீதிமன்றங்கள் பெரிதும் ஒதுங்கிநிற்பதால், கல்லூரிக்குள் நடக்கும் முறையீடே மாணவருக்குப் பெரும்பாலும் கடைசி மன்றம். ஆகவே அதற்கு உருக்கத்தைவிடக் காரணமும் சான்றும் திட்டமும் தேவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. ஒரு சொல், இரு பொருள்

அரசுப் பணியில் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம் உண்டு. அவர் பணியில்தான் இருக்கிறார். ஆனால் கண்காணிப்பில் இருக்கிறார். கல்லூரியின் புரோபேஷனும் அப்படிப்பட்டதே. எனினும் அமெரிக்க முறையில் இச்சொல் இரண்டு வேறு அலுவலகங்களில் இரண்டு வேறு பொருளில் வழங்குகிறது.

2.1 கல்வி நிலை

இளநிலை மாணவரின் ஒட்டுமொத்த ஜி.பி.ஏ. 2.0க்குக் கீழே இறங்கினால் தகுதிகாண் நிலை என்பது பரவலான விதி. முதுநிலையில் பல இடங்களில் அந்த எல்லை 3.0. எச்சரிக்கை, தகுதிகாண் நிலை, இடைநீக்கம், நீக்கம் என்று படிகள் அமையும். அவற்றின் பெயரும் எண்ணிக்கையும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இங்கே புரோபேஷன் என்பது மாணவர் விட்டு நீங்க விரும்பும் நிலை.

2.2 நிதியுதவி நிலை

கூட்டரசின் உதவித்தொகையும் கடனும் பெறுவோர் போதிய கல்வி முன்னேற்றம் காட்டவேண்டும். 2011 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள விதிகள் இதற்கு மூன்று அளவுகோல்களை வைத்துள்ளன: தரம், வேகம், மொத்தக் காலம். எடுத்த கிரெடிட்டுகளில் சுமார் 67 விழுக்காட்டையாவது முடித்திருக்கவேண்டும் என்பது பல கல்லூரிகளின் வேக அளவு. பட்டத்துக்கு உரிய நீளத்தில் 150 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது கால அளவு. ஒவ்வொரு செமஸ்டரிலும் மதிப்பிடும் கல்லூரிகள், தவறியவருக்கு முதலில் ஒரு செமஸ்டர் எச்சரிக்கை தரலாம். அதன்பிறகும் தேறாவிட்டால் உதவி நின்றுபோகும். மாணவர் முறையிட்டு, அது ஏற்கப்பட்டால் அப்போது கிடைக்கும் நிலைக்கே 'நிதியுதவி புரோபேஷன்' என்று பெயர்.

ஆக, ஓர் அலுவலகத்தில் எதை எதிர்த்து முறையிட நினைக்கிறோமோ, அதுவே மற்றோர் அலுவலகத்தில் முறையீட்டால் கிடைக்கும் பலன். தன் கையிலுள்ள கடிதம் எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்று பார்ப்பதே மாணவரின் முதல் வேலை. ஒரே செமஸ்டரின் சரிவுக்கு இரண்டு கடிதங்கள் வரலாம். ஒன்றுக்கு அனுப்பிய பதில் மற்றொன்றுக்குப் போய்ச் சேராது.

3. எண்கள் சொல்வது

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஏ 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0 என்பது வழக்கமான புள்ளிமுறை. முதல் செமஸ்டரில் மூன்று கிரெடிட் கொண்ட ஐந்து பாடங்களில் ஒருவர் பி, சி, சி, டி, எஃப் வாங்குகிறார். புள்ளிகள் 9, 6, 6, 3, 0, கூட்டினால் 24. அதை 15 கிரெடிட்டால் வகுத்தால் 1.6.

அடுத்த செமஸ்டரிலும் 15 கிரெடிட் எடுத்து ஒட்டுமொத்தம் 2.0 ஆகவேண்டுமானால், 30 கிரெடிட்டுக்கு 60 புள்ளிகள் தேவை. கையிலுள்ள 24 போக மீதி 36. அதாவது அடுத்த செமஸ்டர் ஜி.பி.ஏ. 2.4 வந்தால் போதும். 'எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிக்காட்டுகிறேன்' என்று எழுதும் மாணவர், தேவையில்லாத மலையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். முறையீட்டைப் படிக்கும் கல்லூரிக் குழுவும் அதை நம்பாது.

தோற்ற பாடத்தைத் திரும்பப் படிப்பதும் ஒரு வழி. அதில் பி வாங்கினால், பழைய எஃப் கணக்கிலிருந்து நீக்கப்படும் கல்லூரியில் 33ஐ 15 ஆல் வகுத்து 2.2. நீக்காத கல்லூரியில் 33ஐ 18 ஆல் வகுத்து 1.83. ஒரே உழைப்பு ஓரிடத்தில் கரையேற்றுகிறது. இன்னோரிடத்தில் நடு ஆற்றில் நிறுத்துகிறது. எனவே தன் கல்லூரியின் மறுபடிப்பு விதியைப் பார்க்காமல் எவரும் திட்டம் எழுதக்கூடாது.

4. முறையீட்டின் வகைகள்

பல கல்லூரிகளில் தகுதிகாண் நிலையை எதிர்த்து முறையிட வழியில்லை. அது இடத்தைப் பறிப்பதில்லை, நிபந்தனை மட்டுமே விதிக்கிறது என்பது அதற்கான காரணம். நிலுவையிலிருந்த மதிப்பெண் பின்னர் வந்து சேர்ந்தது, மறுபடிப்பு கணக்கில் ஏறவில்லை என்பனபோன்ற பிழை இருந்தால் மட்டும் பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம். உண்மையில் முறையிடத் தக்கவை நான்கு.

முதலாவது, மதிப்பெண் முறையீடு. ஆசிரியர் பாடத்திட்டத்தில் அறிவித்த முறைக்கு மாறாக மதிப்பிட்டார், கூட்டலில் தவறினார், பாரபட்சம் காட்டினார் என்று நிறுவவேண்டும். 'இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்' என்பது இங்கே செல்லாது. இரண்டாவது, பின்தேதியிட்ட விலகல். நோய்போன்ற காரணத்தால் அந்தச் செமஸ்டரையே தொடர முடியாதிருந்தவருக்கு, எஃப் இருந்த இடத்தில் விலகலைக் குறிக்கும் டபிள்யூ இடக் கோருவது இது. டபிள்யூ ஜி.பி.ஏ.வைத் தொடாது, ஆனால் வேகக் கணக்கில் எடுத்து முடிக்காத கிரெடிட்டாகவே நிற்கும். மூன்றாவது, இடைநீக்கத்தையோ நீக்கத்தையோ எதிர்த்து மறுசேர்க்கை கோருவது. நான்காவது, நிதியுதவி முறையீடு. இதற்கான கூட்டரசு விதி, உறவினரின் மரணம், மாணவரின் காயம் அல்லது நோய், பிற சிறப்புச் சூழல் ஆகியவற்றைக் காரணங்களாக ஏற்கிறது. ஏன் தவறினார், இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டையும் மாணவர் சொல்லியாகவேண்டும் என்றும் அது பணிக்கிறது.

5. நீதிமன்றங்கள் வகுத்த எல்லை

1975இல் கோஸ் எதிர் லோப்பஸ் வழக்கில், ஒழுங்கு நடவடிக்கையாகப் பள்ளி மாணவரை இடைநீக்கம் செய்யுமுன் குற்றத்தை அறிவித்து அவர் தரப்பைக் கேட்கவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வித்தரம் குறைந்ததென்று நீக்குவதற்கும் இது பொருந்துமா என்ற வினா மூன்றாண்டுகளில் எழுந்தது.

5.1 ஹோரோவிட்ஸ் வழக்கு (1978)

மிசௌரி பல்கலைக்கழக மருத்துவ மாணவி ஒருவர் மருத்துவமனைப் பயிற்சியில் குறைபாடு காரணமாகத் தகுதிகாண் நிலையில் வைக்கப்பட்டு, இறுதியாண்டில் நீக்கப்பட்டார். அதற்குமுன் அவருடைய முறையீடாக, பணியிலிருந்த ஏழு மருத்துவர்கள் அவரைத் தனித்தனியே சோதித்தனர். உரிய நாளில் பட்டம் தரலாம் என்றோர் இருவர். உடனே நீக்கலாம் என்றோர் இருவர். தகுதிகாண் நிலையில் தொடரட்டும் என்றோர் மூவர். கல்வித்தர முடிவுக்கு முறையான விசாரணை தேவையில்லை என்றது நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு. குறைகளை முன்கூட்டியே தெரிவித்து, ஆராய்ந்து முடிவெடுத்ததே போதும் என்பது அதன் சாரம்.

5.2 ஈவிங் வழக்கு (1985)

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆறாண்டு மருத்துவத் திட்ட மாணவர் ஒருவர் தேசிய வாரியத் தேர்வின் முதற்பகுதியில் 235 மட்டுமே பெற்றபின் நீக்கப்பட்டார். தேர்ச்சி அளவு 345. தோற்ற மற்றவர்களுக்கு மறுதேர்வு தந்ததுபோல் தமக்கும் தரவேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. ஏற்கப்பட்ட கல்வி நெறிகளைவிட்டு வெகுவாக விலகி, தொழில்முறைத் தீர்ப்பையே செலுத்தவில்லை என்று காட்டினாலன்றி நீதிபதிகள் பேராசிரியர் முடிவை மாற்றக்கூடாது என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார்.

இவ்விரு தீர்ப்புகளும் அரசுப் பல்கலைக்கழகங்கள் சார்ந்தவை. அவற்றிலிருந்து மாணவர் பெறவேண்டிய பாடம் தெளிவு: 'கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று உள்முறையீட்டை அசட்டையாக எழுதக்கூடாது.

6. மனுவின் அமைப்பு

6.1 காரணம்: நடந்ததை நாள்வரிசையில் சொல்லவேண்டும். 'மனம் சரியில்லை' என்பதைவிட, 'அக்டோபர் இரண்டாம் வாரம் தந்தை மருத்துவமனையில் சேர்ந்தார். மூன்று இடைத்தேர்வுகளைத் தவறவிட்டேன்' என்பது வலுவானது. தன் தவறையும் மறைக்காமல் ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்வது நல்லது. பேராசிரியர்மேல் பழிபோடுவது காரணம் ஆகாது.

6.2 சான்று: மருத்துவர் கடிதம், இறப்புச் சான்றிதழ், வேலைநேரப் பட்டியல் என்பனபோல் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு தாள். குறைபாடுடையோர்க்கு 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டமும் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் உரிய வசதிகளைப் பெறும் உரிமை தருகின்றன. ஆனால் வசதி கேட்பதற்கு முந்தைய மதிப்பெண்களை அவை பொதுவாக மாற்றுவதில்லை. எனவே உடனே பதிவுசெய்வது அவசியம்.

6.3 திட்டம்: எத்தனை கிரெடிட், எந்தப் பாடங்கள், வாரம் எத்தனை மணிநேர வேலை, எந்த நாளில் ஆலோசகரைச் சந்திப்பது என்று எண்ணோடு எழுதவேண்டும். மூன்றாம் பிரிவில் கண்ட கணக்கு இங்கேதான் பயன்படும். குழு முதலில் தேடுவதும் இப்பகுதியையே: பழைய காரணம் மறுபடி வந்தால் இவர் என்ன செய்வார்?

மனுவை மாணவரே எழுதவேண்டும். 1974ஆம் ஆண்டின் கல்வி ஆவணச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் ஆவண உரிமை மாணவருடையது. வரிக்கணக்கில் பெற்றோரைச் சார்ந்திருப்போர்போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவர் இசைவின்றிப் பெற்றோருக்குக்கூடக் கல்லூரி விவரம் தராது.

7. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மாணவர்

நம் ஊரில் தோல்வி தாளோடு ஒட்டியது. அரியர் வைத்தவர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பார், அல்லது அடுத்த முறை எழுதித் தேறுவார். அமெரிக்க முறையில் தோல்வி மாணவரின் ஒட்டுமொத்த நிலையோடு ஒட்டிக்கொள்கிறது. 'அரியர்தானே' என்று இருந்துவிட்டால் அடுத்த படி நீக்கமாக வந்துநிற்கும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்குத் தகுதிகாண் நிலை மட்டுமே விசா மீறல் ஆகாது. நீக்கப்பட்டால், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் அவருடைய பதிவு முடிவுக்கு வரும் ஆபத்து உண்டு. சுமையைக் குறைக்க எண்ணித் தாமாகப் பாடத்தைக் கைவிடுவதும் ஆபத்து. இளநிலையில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். மொழிச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறையில் பழக்கமின்மை, பொருந்தாத நிலைப் பாடத்தில் சேர்க்கப்பட்டது ஆகிய கல்விக் காரணங்களுக்கு இச்சலுகை ஒரு பட்ட நிலையில் ஒரே முறை கிடைக்கும். மருத்துவக் காரணத்துக்கு மொத்தம் 12 மாதம் வரை. கூட்டரசு நிதியுதவி இவர்களுக்கு இல்லை என்பதால் 2.2இல் கண்ட முறையீடும் இவர்களுக்குப் பொருந்தாது.

8. முடிவுரை

தகுதிகாண் நிலை ஒரு கண்காணிப்பு. அதைத் தண்டனையாக எண்ணி ஒளிந்தவர் கெடு தேதியைத் தவறவிடுகிறார். முறையீட்டை ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் உரிமை என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. அந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது: விதிகளை மாணவருக்கு விளங்கும் மொழியில் எழுதுவதும், மறுக்கும்போது காரணம் சொல்வதும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகனோ மகளோ அந்தக் கடிதத்தோடு அழைத்தால், 'ஏன் இப்படி ஆயிற்று?' என்று கேட்குமுன் 'எந்தத் தேதிக்குள் பதில் தரவேண்டும்?' என்று கேளுங்கள்.