குக்கி (இணையம்)

ஒரு வலைத்தளம் பயனரின் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு உரைத் துணுக்கு. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொன்டுலி இதை உருவாக்கினார். வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒரே ஆள் அடுத்தடுத்துத் திறக்கும் இரண்டு பக்கங்களும் அதற்குத் தொடர்பற்ற கோரிக்கைகள்தாம். இணையக் கடையின் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்தில் காணாமல் போகாதிருக்க ஒரு வழி தேவைப்பட்டது. வழங்கி தன் பதிலோடு ஓர் அடையாள எண்ணை அனுப்பும். உலாவி அதை வைத்திருந்து, அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டும்.

இந்த அளவில் இது நல்ல ஏற்பாடுதான். சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கியில் இருக்கிறது. செய்தித்தளம் ஒன்றைத் திறக்கிறோம். அதிலுள்ள விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வந்து, தன் குக்கியையும் வைத்துவிடுகிறது. பிறகு மருந்து விற்கும் தளத்திலும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், இரண்டு இடத்துக்கும் வந்தது ஒரே உலாவி என்று அது அறிந்துகொள்ளும். நாம் பெயர்கூடக் கேள்விப்படாத நிறுவனம் நம் நோயை ஊகிக்க முடிவது சிறிய விஷயமல்ல.

சஃபாரி உலாவி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இயல்பாகவே முழுமையாகத் தடுக்கிறது. தன் குரோம் உலாவியிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக அதே ஆண்டு அறிவித்த கூகுள், 2024இல் பின்வாங்கியது. எனவே குரோம் பயன்படுத்துவோர் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று தாமே தடுத்துக்கொள்வது நல்லது. மறைநிலைச் சாளரத்தில் சேரும் குக்கிகள் அதை மூடியதும் அழிந்துவிடும். ஆனால் அந்தச் சாளரம் நம் ஐபி முகவரியை மறைக்காது.