சூளையும் களமும்: பணியிடத் தலைமையில் கவனப் பயிற்சியின் இடம்

உயர்நிலை விளையாட்டு வீரரின் மன உறுதியைக் கவனப் பயிற்சியால் (mindfulness) அலுவலகத்துக்கும் ஆலைக்கும் கொண்டுவரலாம் என்று மேலாண்மைப் பயிற்சிகள் சொல்கின்றன. அந்த உறுதி வீரருக்குள் தானாக விளைந்தது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. வீரரின் நிதானத்துக்குப் பின்னால் ஓர் அமைப்பு விலை கொடுத்திருக்கிறது என்பது என் வாதம்.

இதை ஆராய நெல்லை பொருத்தமான இடம். 1946இல் உருவான இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை 1949இல் தாழையூத்துச் சங்கர் நகரில் தொடங்கியது. 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை ஏலத்தில் எடுத்ததும் அந்நிறுவனமே. சங்கர் நகர் மைதானத்துக்கு 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் வந்தது.

2018 மே 27, வான்கடே மைதானம். ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் 179 ஓட்ட இலக்கைத் துரத்திய சென்னை அணியின் ஷேன் வாட்சன் முதல் 10 பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. முடிவில் 57 பந்துகளில் 117, ஆட்டமிழக்கவில்லை. இதை அவருடைய தனி மனவலிமையாக மட்டும் படிப்பது போதாது. அன்றைய அணித் தலைவர் தோனியும் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கும் ஓரிரு தோல்விகளுக்காக வீரரை மாற்றும் வழக்கம் இல்லாதவர்கள். அடுத்த ஆண்டு ஓட்டமின்றித் தவித்த வாட்சனை அவர்கள் விடாமல் ஆடவைத்தார்கள். ஐதராபாத்துக்கு எதிராக அவர் 96 எடுத்தார். தன் இடம் பறிபோகாது என்று அறிந்தவரால்தான் பத்து வெற்றுப் பந்துகளைப் பதறாமல் கடக்க முடியும். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் பணிக்குழுக்களில் ஆராய்ந்த உளப் பாதுகாப்புக்கு, அதாவது தவறைச் சொன்னாலும் தண்டனை வராது என்ற நம்பிக்கைக்கு, இது நெருக்கமானது.

சிமெண்ட் சூளையிலும் இந்தப் பத்துப் பந்துகள் உண்டு. சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டி உருவாகச் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். எரிபொருளைக் கூட்டினால் அதன் முழு விளைவு உடனே தெரியாது. பொறுக்காமல் மீண்டும் கூட்டுபவர் சூளையின் சமநிலையைக் குலைத்துவிடுவார். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு வேண்டியது கூர்ந்து பார்த்துக் காத்திருக்கும் திறன். ஆனால் மேலதிகாரி நிமிடத்துக்கொரு முறை கணக்குக் கேட்டால், எந்த மூச்சுப் பயிற்சி அவரைக் காத்திருக்க வைக்கும்?

ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஐ.பி.எல். பருவம் சுமார் இரண்டு மாதம். அதன்பின் வீரருக்கு ஓய்வும் மருத்துவமும் பயிற்சியும் கிடைக்கின்றன. பாபநாசத்து நீர்விசையை நம்பி ஹார்வி பஞ்சாலை எழுந்த 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய தாமிரபரணிக் கரைத் தொழிலாளிக்கு அப்படியொரு பருவ முடிவு வாய்த்ததில்லை.

ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் கவனப் பயிற்சியைத் தொடங்கியது, மருத்துவத்தால் வலி தீராத நோயாளிகளுக்காக. அது எட்டு வாரப் பயிற்சி. அதை ஒரு மணி நேர வகுப்பாகச் சுருக்கி, ஆள் பற்றாக்குறையால் இரட்டை ஷிப்ட் பார்ப்பவருக்கு நடத்தினால், நிர்வாகத்தின் குறை தொழிலாளியின் மனக்குறையாகிவிடும். இந்த இடமாற்றத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

ஆகவே பயிற்சி மேலாளரிடம் தொடங்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது, முடித்துச் செல்பவர் நேர்ந்த தவறுகளைப் பழி அச்சமின்றிச் சொல்லட்டும். மேலாளர் குறுக்கிடாமல் முழுதும் கேட்கட்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஓராண்டில் எத்தனை தவறுகள் தாமாகவே சொல்லப்பட்டன என்ற கணக்கை, தலைமையின் மதிப்பீட்டில் உற்பத்திக் கணக்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.