தோற்ற கவிஞனுக்கும் ஒரு பக்கம்

ஹைக்கூ என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றே. குளக்கரையில் தனித்திருக்கும் ஒரு கவிஞன், ஒரு தவளை, ஒரு கணம். 1916ஆம் ஆண்டிலேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். அன்று முதல் நம் கவனம் அக்கவிதையின் சுருக்கத்தின் மீதே நிலைத்துவிட்டது. அது எத்தகைய சபைகளில் வளர்ந்தது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

உண்மையில் ஜப்பானியக் கவிதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கூட்டத்தின் நடுவே எழுதப்பட்டு, கூட்டத்தின் நடுவே எடைபோடப்பட்டு வந்த கலை. ஒருவர் கவிதையை மற்றொருவர் மதிப்பிடும்போது நியாயம் பிறழாதிருக்க என்ன செய்வது என்ற வினாவை அந்த மரபு பல நூற்றாண்டுகளாக எதிர்கொண்டது. அது கண்ட விடைகளையும், சறுக்கிய இடங்களையும் இங்கே சுருக்கமாகப் பார்க்கலாம்.

அரசரின் முணுமுணுப்பு

‘உதா-அவாசே’ என்பது கவிதைகளை இணையிணையாக நிறுத்தி ஒப்பிடும் போட்டி. கவிஞர்கள் இடம், வலம் என இரு அணிகளாகப் பிரிவர். ஒரே பொருளில் அணிக்கொன்றாக முப்பத்தோரு அசைக் கவிதை வாசிக்கப்படும். நடுவர் வெற்றி, தோல்வி அல்லது சமம் எனத் தீர்ப்பளிப்பார். இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய போட்டி, 880களில் அரிவாரா நோ யுகிஹிராவின் இல்லத்தில் நிகழ்ந்தது.

960இல் முரகாமி சக்கரவர்த்தியின் அரண்மனையில் நடந்த இருபது சுற்றுப் போட்டி புகழ்பெற்றது. கடைசிச் சுற்றின் பொருள் காதல். இடத்தரப்பில் மிபு நோ தாதாமி, வலத்தரப்பில் தைரா நோ கானேமோரி. நடுவரான அமைச்சர் ஃபுஜிவாரா நோ சனேயோரியால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை. அருகிலிருந்தவரைக் கேட்டார். அவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவ்வேளையில் சக்கரவர்த்தி கானேமோரியின் கவிதையை மெல்ல முணுமுணுத்தார். வெற்றி வலத்தரப்புக்குப் போயிற்று.

இந்தத் துயரில் தாதாமி உணவொழித்து இறந்தார் என்று 13ஆம் நூற்றாண்டுக் கதைத்தொகுதி ஒன்று கூறுகிறது. அதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அப்படியொரு கதை பிறந்ததே கவனிக்கத்தக்கது. தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று யாரும் சொல்லவில்லை என்ற மனக்குறையைப் பின்வந்தோர் உணர்ந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் நூறு கவிஞர்களின் கவிதைகளை ஒவ்வொன்றாகத் தொகுத்த புகழ்பெற்ற திரட்டில் இவ்விரு கவிதைகளும் அடுத்தடுத்து இடம்பெற்றன. காலம் அளித்த தீர்ப்பு, சமம் என்பதே.

காரணம் சொல்லும் கடமை

அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. தீர்ப்போடு காரணமும் எழுதப்படலாயிற்று. அதன் உச்சம், 1193 அளவில் ஃபுஜிவாரா நோ யோஷித்சுனே நடத்திய ‘அறுநூறு சுற்றுப் போட்டி’. பன்னிரு கவிஞர்கள், ஒவ்வொருவருக்கும் நூறு கவிதைகள், ஆக ஆயிரத்து இருநூறு கவிதைகள். நடுவர் ஷுன்ஸேய். அப்போது அவர் எண்பதை எட்டிக்கொண்டிருந்தார்.

இந்நூலின் அமைப்பு இன்றும் வியப்பளிப்பது. முதலில் இரு கவிதைகள். அடுத்து இடத்தரப்பின் கவிதை மீது வலத்தரப்பார் கூறிய குறைகளும், வலத்தரப்பின் கவிதை மீது இடத்தரப்பார் கூறிய குறைகளும். இறுதியில் நடுவரின் முடிவும் அதற்கான காரணமும். எழுதிய அனைவரும் விமர்சித்தார்கள். விமர்சித்த அனைவரும் விமர்சிக்கப்பட்டார்கள். போட்டியை நடத்திய யோஷித்சுனே உயர்குடிப் பிரபு. அவருடைய கவிதைகள் அவர் பெயரில் இல்லை. ‘அரண்மனைப் பெண்’ என்ற பொதுப்பெயரின் கீழ் உள்ளன. பெரும்பதவியில் இருந்தோர் இத்தகைய சபைகளில் இப்படிப் பெயர் மறைப்பது வழக்கம். அது யாரென்று சபைக்குத் தெரிந்தே இருக்கலாம். எனினும், குறை சொல்பவருக்குச் சற்றே மூச்சுவிட இடம் தரும் ஏற்பாடு அது.

அந்த இடம் பயன்பட்டது. குளிர்காலப் பகுதியில் அவருடைய ஒரு கவிதையில் வந்த ‘புல்வெளி’ என்ற தொடர் செவிக்கு இனிதாயில்லை என்று எதிரணியினர் குறை கூறினர். ஷுன்ஸேய் அக்குறையை ஏற்கவில்லை. அத்தொடர் முரசாகி ஷிகிபுவின் ‘கெஞ்சிக் கதை’யை நினைவூட்டுவது என்றும், அந்நூலை அறியாமல் கவிதை எழுதுவது வருந்தத்தக்கது என்றும் விளக்கினார். ஒரு சொல் மீதான சிறு பிணக்கு, ஒரு பெரும் இலக்கியக் கருத்தாக வளர்ந்தது. காரணம் எழுதும் வழக்கம் இல்லாதிருந்தால் நமக்கு இது கிடைத்திராது.

மறுமொழி கூறும் உரிமை

இதனால் எல்லாம் நியாயமாக நடந்தது என்று கொள்வதற்கில்லை. நடுவரின் மகன் தெய்க்காவும், வளர்ப்பு மகன் ஜாக்குரெனும் போட்டியாளர்கள். எதிர்க் கவிதைக் குடும்பமான ரோகுஜோவைச் சேர்ந்த கென்ஷோ என்ற துறவிக்குத் தீர்ப்புகள் பல உடன்பாடாயில்லை. கென்ஷோவும் ஜாக்குரெனும் நாள்தோறும் வாதிட்டதைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு கதை வழங்கியது. ஒருவர் கையில் வச்சிராயுதம் போன்ற வழிபாட்டுக் கருவியை ஏந்தியபடியும், மற்றவர் கழுத்தை நிமிர்த்தி நீட்டியபடியும் மோதுவார்களாம். அரண்மனைப் பெண்கள் அதையே அவர்களுக்குக் கேலிப்பெயராக வைத்துச் சிரித்தார்களாம்.

ஆனால் கென்ஷோ வாதத்தோடு நிற்கவில்லை. ஷுன்ஸேயின் தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு, பழங்கவிதைகளிலிருந்து சான்று காட்டி, மறுப்புரை ஒன்றை எழுதினார். அந்நூல் அழியாமல் இன்றும் உள்ளது. நடுவரின் தீர்ப்பும் தோற்றவரின் மறுப்பும் இரண்டுமே நம் கைக்கு வந்திருக்கின்றன. வாசகர் தாமே ஒப்பிட்டு முடிவு செய்யலாம். ஒரு விமர்சன மரபின் ஆரோக்கியத்திற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று தோன்றுகிறது.

இக்காலத்தின் மற்றொரு நிகழ்வு நெஞ்சைத் தொடுவது. துறவிக் கவிஞர் சாய்கியோ தம் கவிதைகளையே இடமும் வலமுமாக நிறுத்தி, முப்பத்தாறு சுற்றுகள் கொண்ட இரு தொகுதிகள் அமைத்தார். ஒன்றை ஷுன்ஸேயிடமும், மற்றொன்றை அவர் மகன் தெய்க்காவிடமும் தீர்ப்புக்கு அனுப்பினார். சாய்கியோவுக்கு அப்போது எழுபது வயதளவில். தெய்க்காவோ இருபதுகளில் இருந்த இளைஞர். தயங்கித் தயங்கி 1189இல்தான் அவர் எழுதி முடித்தார். அதைப் பெற்றுச் சாய்கியோ மகிழ்ந்து எழுதிய கடிதம் எஞ்சியுள்ளது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

விலைக்கு வந்த மதிப்பெண்

எதோ காலத்தில் நிலைமை மாறிற்று. கவிதை நகரத்து வணிகர்களிடையே பரவியபோது, கட்டணம் பெற்று மதிப்பெண் இடுவது ஒரு தொழிலாயிற்று. வாடிக்கையாளரை வருத்த எந்த ஆசிரியருக்குத் துணிவு வரும்? 1692இல் தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பாஷோ கவிஞர்களை மூவகையாகப் பிரித்து, மதிப்பெண்ணுக்காக அலைவோரைக் கடைசியில் வைத்தார். அவர்களால் மதிப்பெண் இடுபவரின் மனைவி மக்கள் வயிறாவது நிறைகிறது. தீய காரியம் செய்வதற்கு இது மேல் என்று எள்ளலோடு தேற்றிக்கொண்டார்.

இந்தத் தேக்கத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் மசாஓகா ஷிகி (1867–1902). முதுகெலும்புக் காசநோயால் படுக்கையில் கிடந்தபடியே தோக்கியோவின் நெகிஷி இல்லத்தில் நண்பர்களைக் கூட்டினார். ‘குகாய்’ எனப்படும் அக்கூட்டங்களில் ஒவ்வொருவரும் பெயரிடாமல் சீட்டில் கவிதை எழுதுவர். சீட்டுகள் கலக்கப்படும். கையெழுத்தும் காட்டிக்கொடுக்காதபடி வேறொருவர் படியெடுப்பார். அனைவரும் படித்து, தமக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுப்பர். தேர்ந்தவை உரக்க வாசிக்கப்படும்போதுதான் எழுதியவர் தம் பெயரைச் சொல்வார். ஆசிரியரின் கவிதை தேர்வாகாமல் போகலாம்; மாணவனுடையது பலரால் எடுக்கப்படலாம். நாவலாசிரியர் நத்சுமே சோசெகியும் ஷிகியின் இவ்வட்டத்தில் பயின்றவரே. குமமோட்டோவில் பணியாற்றிய காலத்திலும் தம் ஹைக்கூக்களைக் கட்டுக்கட்டாக ஷிகிக்கு அனுப்பித் திருத்தம் பெற்றார்.

ஷிகியின் கூட்டத்தில் கட்டணமும் இல்லை, பெயரும் இல்லை. தேர்ந்தெடுக்கும் உழைப்பு மட்டும் எல்லோருக்கும் பொது. தன் கவிதைக்குக் கருத்து வேண்டுவோர் பிறர் கவிதைகளைக் கவனமாகப் படித்தே ஆகவேண்டும். இந்த எளிய விதி ஷிகிக்குப் பின்னும் நிலைத்தது. ஜப்பானில் இன்றும் குகாய்கள் இப்படித்தான் நடக்கின்றன.

நாம் ஒரு நண்பரின் கவிதைக்கு ‘அருமை’ என்று ஒற்றைச் சொல் எழுதி நகரும்போது, சனேயோரியின் இடத்தில்தான் நிற்கிறோம். ஷுன்ஸேயைப் போல ஒரு காரணம் சேர்த்தெழுத இரண்டு நிமிடம் கூடுதலாகும். கென்ஷோவைப் போல ஒருவர் மறுத்தெழுதினால், அதையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.