வருகையும் வதிவும்: சீனன்குடாவை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

சீனன்குடா என்னும் இடப்பெயரே வந்தவரின் நினைவைச் சுமந்து நிற்பதாகும். திருகோணமலையின் உள்துறைமுகத்தை அணைத்துக் கிடக்கும் இக்குடாவிற் சீனர் எக்காலத்தில் வந்து தங்கினர், எத்தனை நாள் தங்கினர் என்பவற்றை இடப்பெயர் ஒன்றை மட்டும் சான்றாகக் கொண்டு நிறுவுதல் இயலாது. எனினும், கடல்வழி வந்த ஒருவரை ஊரார் தம் நிலத்தின் பெயரிலேயே நிலைநிறுத்தினர் என்பது கருதத்தக்கது. வந்தவர் எத்தனை நாள் தங்கலாம், எதற்காகத் தங்கலாம், முதுமையில் எங்கு ஒதுங்கலாம் என்னும் வினாக்கள் இக்காலத்தில் வீசா அலுவலகங்களுக்கு உரியனவாகத் தோன்றினும், அவற்றின் வேர்கள் பழமையானவை. அவ்வினாக்களுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளைச் சீனன்குடாவை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுழைவுச் சீட்டு இல்லாத காலம்

குறுகிய வருகை நெடிய வதிவாக மாறியமைக்குத் திருகோணமலைக் கடற்பரப்பிற் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பல், 1659ஆம் ஆண்டின் இறுதியிற் சோழமண்டலக் கரையில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடும் பொருட்டு அது கொட்டியாரக் குடாவை அடைந்தது. மரம் வெட்டி முடியும்வரை தங்குவதே வந்தவர்களின் எண்ணம். ஆயின், 1660ஆம் ஆண்டிற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் வேறு சிலரையும் சிறைப்பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், கண்டி இராச்சியம் பற்றிய தலையாய சான்றுகளுள் ஒன்றாக இன்றும் எடுத்தாளப்படுகிறது.

இங்கு நோக்கற்பாலது ஒன்று உண்டு. அன்று நுழைவதற்குச் சீட்டு வேண்டியிருக்கவில்லை. வெளியேறுவதற்கே மன்னனின் இசைவு வேண்டியிருந்தது. மனிதரும் அவர்தம் தொழிற்றிறனும் அரசின் செல்வமெனக் கருதப்பட்ட காலம் அது. வந்தவரை வெளியேற்றுவது எவ்வாறு என்னும் கவலை பிற்கால அரசுகளுக்கே உரியதாயிற்று.

உழைப்புக்குத் திறந்த கதவு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாக அழைத்து வரப்பட்டனர். அவர்களின் நடமாட்டத்தை நெறிப்படுத்திய ஆவணங்கள் நாடுகளுக்கிடையிலான உரிமையைக் குறிப்பனவாக அமையவில்லை. தொழிலாளி எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அறிவித்த தகரத்துண்டும், அவர் பட்ட கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடரச்செய்த துண்டு முறையுமே அன்றைய 'சீட்டுகள்'. துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சுருங்கக் கூறின், அன்று நாட்டின் கதவு திறந்தே இருந்தது. தோட்டத்தின் கதவே பூட்டப்பட்டிருந்தது.

திருகோணமலையின் வளர்ச்சி வேறொரு வகையினது. 1927ஆம் ஆண்டிற் புகையிரதப்பாதை அந்நகரை அடைந்தது. பிரித்தானியர் தம் கிழக்குக் கடற்படைக்கு வேண்டிய எரிபொருளைச் சேமிக்கச் சீனன்குடாவிற் பெரும் எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். அருகே விமானத்தளமும் எழுந்தது. இப்பணிகளிலும் கடற்படைத்துறையின் ஏனைய வேலைகளிலும் உள்ளூர்த் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகியோருடன் இந்தியாவிலிருந்து வந்தோரும் உழைத்தனர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அத்தாக்குதலின்போது எவரும் எவருடைய நாட்டுரிமையையும் வினவவில்லை. நகரின் வடபால் நிலாவெளி வீதியில் அமைந்துள்ள போர்வீரர் மயானத்தில், பிறநாடுகளிலிருந்து வந்து மீளாதோர் துயில்கின்றனர். வந்தவர்க்கு மண் தந்த நிரந்தர வதிவிடம் அதுவேயாகும்.

1948இன் பின்

சுதந்திரத்தோடு நிலைமை மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாட்டவர் யாவர் என்பதை வரையறுத்தது; அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நாட்டவரல்லாதார் எவ்வாறு நுழையலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என்பவற்றை வரையறுத்தது. இரண்டாவது சட்டம் 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. முன்னையது ஒருவரை நாட்டவரல்லாதார் ஆக்கியது. பின்னையது அவ்வாறு ஆக்கப்பட்டவரிடம் வீசாவைக் கேட்டது. இவ்விரு சட்டங்களையும் ஒருசேர நோக்கினாலன்றி அவற்றின் முழு விளைவு புலப்படாது. பிறந்த மண்ணிலேயே வாழ்ந்து கொண்டிருந்த ஒருவர், எல்லையைக் கடவாமலே அந்நியராயினார். அவர் எல்லையைக் கடக்கவில்லை. எல்லையே அவரைக் கடந்து சென்றது எனலாம்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கித்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவராயிற் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஒருமுறை சென்ற வெளிப்பயணம் பன்னிரண்டு மாதங்களைக் கடந்திருப்பின் வதிவின் தொடர்ச்சி அறுந்துவிடும். ஊரிலே தாயின் நோய், தங்கையின் திருமணம், காணி வழக்கு என்று சென்று காலந்தாழ்த்தி மீண்டவருக்கு, அக்குறுகிய பயணமே வாழ்நாள் உரிமையைப் பறிக்கும் காரணமாக அமையலாயிற்று. எழுத்தறியாத உழைப்பாளிகள் ஆண்டுகளைத் திருவிழாவையும் மழையையும் கொண்டு எண்ணினர். அலுவலகமோ திகதிகளைக் கேட்டது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இதே வேளையிற் சீனன்குடாவில் வேறொரு வகையான அந்நியர் தடையின்றி இருந்தனர். 1947ஆம் ஆண்டின் பாதுகாப்பு உடன்படிக்கை, பிரித்தானியக் கடற்படைக்கும் விமானப்படைக்கும் இலங்கைத் தளங்களிற் தங்கும் வாய்ப்பை அளித்தது. 1956இற் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு அத்தளங்களை மீளப்பெற்றது. 1957 ஒக்டோபரிற் திருகோணமலைக் கடற்படைத்தளமும், நவம்பரிற் கட்டுநாயக்க விமானத்தளமும் இலங்கை வசமாயின. அந்நியக் கொடி இறங்கியமை நாடு முழுவதற்கும் பெருமிதமாயிருந்தது. ஆயின், தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளிக்கு அப்பெருமிதத்தோடு வேலையிழப்பின் அச்சமும் சேர்ந்தே வந்தது. பிரசாவுரிமையற்றவர்க்கோ அவ்வச்சம் இருமடங்காயிற்று. ஏனெனில், தொழிலே அவர் நாட்டில் இருப்பதற்குக் காட்டத்தக்க காரணமாக இருந்தது.

ஐம்பத்தைந்து என்னும் எல்லை

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பெரும்பாலும் எண்ணிக்கை பற்றியே பேசப்படுகிறது. 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வது என்பதே அதன் அடிப்படை. அவ்வெச்சத்தொகை 1974ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. தோட்டத்தில் வாழ்ந்தோர் மட்டுமன்றி, துறைமுகப் பட்டினங்களில் வாழ்ந்த நாடற்ற இந்திய வம்சாவளியினரும் இக்கணக்கினுள் அடங்கினர்.

ஆனால், வீசாவின் வரலாற்றை ஆராய்வோர் அவ்வொப்பந்தத்தின் சிறு வாசகங்களையே ஊன்றி நோக்கவேண்டும். இந்தியாவுக்குச் செல்லவேண்டியவர்கள் இலங்கையிலிருக்கும் காலத்துக்கு இலவச வீசா வழங்கப்படும் என்றது ஒரு வாசகம். தொழிலில் இருப்போர் தாம் அனுப்பப்படும் நாள்வரை, அன்றேல் 55 வயதை அடையும்வரை, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை தொழிலில் நீடிக்கலாம் என்றது மற்றொன்று. செலாவணிக் கட்டுப்பாட்டுக்கு அமையச் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம்; ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படமாட்டாது என்றது இன்னொன்று.

இவ்வாசகங்கள் அக்காலப் பேச்சுவார்த்தையிற் தொழிலாளருக்குக் கிடைத்த பாதுகாப்புகளே என்பதை மறுத்தல் கூடாது. அவை இல்லாதிருப்பின் வேலையும் சேமிப்பும் ஒருங்கே பறிபோயிருக்கும். எனினும், அவை வாழ்க்கையைக் காணும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. மனிதரின் வதிவு அவர்தம் உழைப்பின் நீளத்தால் அளக்கப்பட்டது. முதுமை வதிவுக்கு உரிய பருவமாகக் கொள்ளப்படவில்லை. ஓய்வு என்பது பிறந்து வளர்ந்த நாட்டிற் திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளைக் காணும் காலமாகாது, தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறும் காலமாயிற்று. அப்பால் மண்டபம் முகாம் இருந்தது. முன்னர் இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக மறித்து வைத்த அம்முகாம், பின்னர் திரும்பியோரை வரவேற்றது. 1983இன் பின் இலங்கைத் தமிழ் அகதிகளின் உறைவிடமாயிற்று. ஒரே நிலத்தில் மூவகைப் பயணிகள் தங்கினர். அவர்கள் ஒவ்வொருவரையும் சட்டம் வெவ்வேறு பெயரால் அழைத்தது.

தாயகம் திரும்பியோர்க்கெனத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியிற் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழி பலர் வாழ்வு பெற்றனர். ஆயினும் 'தாயகம்' எனப்பட்ட இடத்தை முதன்முறையாகக் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். இலங்கையில் எஞ்சியோரின் நிலை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தாலும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் சீர்செய்யப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிந்திய சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. வெளியேற்றத்துக்கு வழிவகுத்த ஒப்பந்தத்தின் திகதியே, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் உரிமையின் தொடக்கத் திகதியாக அமைந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அழைக்கப்படும் முதுமை

காலம் மாற, அரசின் நோக்கும் மாறியது. 2012 சனவரி முதல் இலங்கைக்குக் குறுகிய காலத்துக்கு வருவோர் இலத்திரனியற் பயண அனுமதியை முன்கூட்டியே பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. சுற்றுலாவுக்கு 30 நாட்களென வழங்கப்பட்ட அவ்வனுமதியைப் பின்னர் நீடிக்கவும் இடமிருந்தது. இதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது, ஓய்வுபெற்ற வெளிநாட்டவரை அழைக்க வகுக்கப்பட்ட 'எனது கனவு இல்லம்' என்னும் வதிவிட வீசாத் திட்டமாகும். அத்திட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி, விண்ணப்பதாரர் 55 வயதைக் கடந்தவராதல் வேண்டும். 15,000 அமெரிக்க டொலரை இலங்கை வங்கியொன்றில் வைப்பிலிடல் வேண்டும். மாதந்தோறும் தமக்கென 1,500 டொலரும், தம்மைச் சார்ந்து வாழும் ஒருவருக்கு 750 டொலரும் வெளிநாட்டிலிருந்து தருவித்தல் வேண்டும். அவ்வாறாயின் ஈராண்டு வீசா வழங்கப்படும், அது புதுப்பிக்கத்தக்கது.

ஐம்பத்தைந்து என்னும் அதே எண் இரண்டு ஆவணங்களிலும் காணப்படுகின்றது. 1964இல் அது வதிவின் இறுதி எல்லை. பின்னைய திட்டத்தில் அது வதிவின் தொடக்க எல்லை. முன்னையதில் ஒரு குடும்பம் 4,000 ரூபாவையேனும் கொண்டுபோகலாம் என்பது சலுகை; பின்னையதில் 15,000 டொலரைக் கொண்டுவரவேண்டும் என்பது நிபந்தனை. முன்னவர் நாட்டின் செல்வத்தை உழைப்பாற் பெருக்கி முடித்தவர்; பின்னவர் பிறநாட்டில் உழைத்த செல்வத்தை இங்குச் செலவிட வருபவர். இரு திட்டங்களும் வெவ்வேறு காலத்தின் தேவையால் எழுந்தவை என்பதும், தன் எல்லையை ஒழுங்குசெய்யும் உரிமை எந்நாட்டுக்கும் உண்டு என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கனவே. ஆயினும், ஒப்புநோக்கிலிருந்து எழும் முடிவு ஒன்றே: வீசா என்பது ஒருவர் ஒரு நாட்டை எவ்வளவு நேசித்தார், எத்தனை ஆண்டு அங்கு வாழ்ந்தார் என்பவற்றை அளப்பதில்லை, அவ்வேளையில் அந்நாட்டுக்கு அவரால் ஆவது யாது என்பதையே அளக்கின்றது.

சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் இதற்குச் சான்று பகரும். 2003ஆம் ஆண்டில் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு அவற்றை 35 ஆண்டுக் குத்தகைக்கு வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2022 சனவரியிற் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கையின்படி, 99 தாங்கிகளுள் 14 அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரு தரப்பும் இணைந்த கம்பனிக்கும் உரியனவாயின. குத்தகைக்காலம் 50 ஆண்டுகள். எண்ணெய்க்கு ஐம்பது ஆண்டுகள் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கப்பட்டன. அதே குடாவின் கரையில் உழைத்த நாடற்ற தொழிலாளிக்கோ, எத்தனை ஆண்டு வாழ்ந்தபோதிலும், அடுத்த ஆண்டு உறுதியாக இருக்கவில்லை.

இன்று வெளிநாட்டிற் சில வாரம் தங்கவோ, முதுமையை அங்குக் கழிக்கவோ எண்ணும் தமிழர் பலராவர். பிள்ளைகள் கடல்கடந்து வாழ்வதால் அவ்வெண்ணம் இயல்பானதே. அவர்கள் நிரப்பும் படிவங்களும் பயணத்தின் நோக்கம் யாது, காலம் எவ்வளவு, பணம் யாருடையது என்னும் மூன்று வினாக்களையே கேட்கின்றன. அம்மூன்றுக்கும் விடையிறுப்பது எளிது. 1949இன் பின், பிறந்த ஊரிலேயே அவ்வினாக்களுக்கு விடையிறுக்கவேண்டியிருந்த பல இலட்சம் மக்கள், நான்காவது ஒரு வினாவையும் மனத்துட் கொண்டிருந்தனர்: முதுமையிற் தாம் எங்கே இருக்கலாம் என்பதே அது. அதற்கான விடை சட்டப்புத்தகத்தில் எழுதப்படுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வினவியவருட் பலர் அதுவரை உயிரோடிருக்கவில்லை.